சொல்லி எழுதவைத்த புஸ்தகங்கள்

சில வருஷங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு நாளில், எனக்கு ஒரு கடிதம் வந்தது. எஞ்ஜினீயரிங்கில் 'சிமுலேஷன்' என்று சொல்லப்படும் விஷயம் பற்றித் தமிழில் ஒரு வழிகாட்டி நூல் வெளியிடப் போகிறார்களாம். சிதம்பரத்தில் ஓய்வு பெற்று இருந்துவரும் ஒரு பேராசிரியர் அதை எழுதிக்கொண்டிருக்கிறாராம். நூலின் 'மொழிநடையைச் செம்மைப்படுத்த' நான் சம்மதிக்க வேண்டுமாம். எழுதியிருந்த ஸ்தாபனத்தின் பெயரை இங்கே சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. பெயரில் என்ன இருக்கிறது? அந்தக் கடிதத்தை எந்த ஸ்தாபனமும் எழுதியிருக்கக் கூடும்.

என் படிப்பு, கல்லூரி வாசலை மிதித்து இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்ததோடு சரி. கணக்கில் எனக்கு இருந்த தேர்ச்சியை என் வாத்தியார் இருந்தால் சொல்லுவார். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் இரும்பும் சிமிண்டும் பற்றிய புஸ்தகத்தைக் கொடுத்துச் 'செம்மைப்படுத்து' என்று சொல்வது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். பணம் ஒரு காரணம், அதை மறைப்பானேன்? இன்னொரு காரணம், கடலூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பையன். புதுச்சேரிப் பக்கம் ஒரு சிறு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இதே வேலையைத்தான் செய்துவந்தான். பன்னிரண்டாவது வரையில் தமிழில் படித்தவன். எஞ்ஜினீயரிங் கல்லூரியில் நாலு வருஷம் ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து தப்பித்தவன். அவனிடம் போய், "இது என்ன சமாசாரம்டா?" என்று கேட்டேன்.

அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு பாலத்தையோ, கொக்கியையோ, தண்ணீர்த் தொட்டியையோ செய்து பார்த்து, பாரம் ஏற்றி, உடைகிறதா என்று சோதிப்பதற்குப் பதிலாக, அதன் உருவத்தைக் கம்ப்யூட்டருக்குள் அமைத்துக்கொள்கிறார்கள். அந்த உருவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, வலை விரித்தாற்போல், பிரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எப்படி இழுக்கிறது, தள்ளுகிறது என்பது ஒரு சமன்பாடு. ஆயிரக்கணக்கில், சமயத்தில் லட்சக்கணக்கில் இருக்கும் அந்தச் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டர் ஒருசேரத் தீர்க்கிறது. கடைசியில் திரையில் ஒரு வர்ணப்படம் வருகிறது. நீலம் என்றால் சுகம். சிவப்பு என்றால் ஆபத்து.

"படம் ரொம்ப அழகா வரும், மாமா. அதுதான் கஷ்டம்" என்றான் பையன்.

"அழகா வந்தா என்ன கஷ்டம்?"

"தப்பாப் போட்டாலும் அதே மாதிரி அழகாத்தான் வரும்."

இலக்கிய விமரிசனத்தில் நான் இருபது வருஷமாகச் சொல்லத் தவித்த ஒரு விஷயத்தை அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டான். அது கிடக்கட்டும்.

சிதம்பரத்துப் பேராசிரியருக்கு ஸ்தாபனம் அனுப்பியிருந்த ஒப்பந்தக் கடிதத்தின் நகல் ஒன்றும் என்னிடம் வந்திருந்தது. அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். பக்கங்கள் நூற்று அறுபதுக்கு மேற்படக் கூடாது. இன்ன தேதிக்குள் கைப்பிரதி வந்து சேர வேண்டும். அத்தியாயத்தின் முடிவில் பயிற்சி வினாக்கள் இருக்க வேண்டும். இணைத்துள்ள கலைச்சொல் பட்டியலில் உள்ள சொற்களையே உபயோகிக்க வேண்டும். சன்மானம் பக்கத்துக்கு இவ்வளவு. எல்லாம் இருந்தது, இந்தப் புஸ்தகத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்பது மட்டும் இல்லை. படித்து முடித்ததும் அவனுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தீபாவளி மலருக்குக் கதை கேட்கிற பத்திரிகைக்காரர்கூட, "நம்ம வாசகர்களுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுவார். அவருடைய வாசகரைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையாவது அவர் நினைவில் வைத்திருக்கிறார்.

கைப்பிரதியின் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்தேன். படித்தேன் என்றால் கண்ணை ஓட்டினேன். ஒவ்வொரு வாக்கியமும் இலக்கணப் பிழையில்லாமல், செத்துக் கிடந்தது. 'வரம்புறு கூறு முறை என்பது யாதெனில்' என்று ஆரம்பித்து, ஒரு சொல்லுக்கு விளக்கமாக இன்னொரு சொல், அதற்கு விளக்கமாக மூன்றாவது சொல் என்று போயிற்று. இதை எழுதியவர் ரொம்பவும் சுவாரசியமில்லாத மனிதராக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் நான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறும்வரை மனசுக்குள் அவருக்கு எதிராக வாதங்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

மனிதரைப் பார்த்ததும் என் வாதங்கள் ஒன்றும் உபயோகப்படவில்லை. வீட்டுத் திண்ணையில் அவர் என்னை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினார். அந்த இரண்டு மணி நேரத்தில் சிமுலேஷன் என்றால் என்ன என்று எனக்கே, கணக்கில் தேறாத எனக்கே, ஓரளவு புரிந்துவிட்டது. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் ஜில்லாவை அடித்துப்போட்டதை எங்கள் பக்கத்தார் மறக்க முடியாது. பண்ணுருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த நாள் அது. அதைத்தான் அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

"ஷெட்டுக் கூரைத் தகடெல்லாம் பறந்துச்சே, காத்து அதைக் கீழே அழுத்தினதாலயா பறந்தது? இல்லை சார். மேலே உறிஞ்சினதால. பையன் கம்ப்யூட்டர்ல கூரையைப் போடுறான். காத்தைக் கீழ்நோக்கி அழுத்தற பாரமாப் போடுறான். கூரை பத்திரம்னு படம் வருது. கம்ப்யூட்டர் பொய் சொல்லலை. அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லுது. கேள்விதான் தப்பு."

"இதை ஏன் நீங்கள் புஸ்தகத்தில் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

அவர் சற்று வெட்கப்பட்டாற்போல் இருந்தது. "இதெல்லாம் பேச்சுக்குத்தானே சார். இப்படி எழுதினா பாடப் புஸ்தகமா இருக்காதே" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் தமிழ்நாட்டு அறிவு நூல்களின் சரித்திரம் முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நம்மிடம் விஷயம் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் அநேகருக்குப் பேசத் தெரியும். பேனாவை எடுத்தவுடன் ஒரு பட்டுப் பீதாம்பரத்தைத் தேடிப் போகிறார்கள். அதை உடுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். சொல்லி எழுதவைக்கிறவர்கள், 'ஐயா, உங்கள் வேஷ்டியே போதும்' என்று அவர்களிடம் சொல்வதில்லை. கலைச்சொல் பட்டியலை அனுப்பி, பீதாம்பரத்துக்குச் சரிகையும் அவர்களே வாங்கித் தருகிறார்கள்.

இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. சாமுவேல் பிஷ் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு வைத்தியம் பார்த்தார். வைத்தியம் சொல்லியும் கொடுத்தார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்த பையன்கள் ஊரை விட்டு உத்தியோகம் தேடிப் போய்விடுவதைப் பார்த்து, 1860-களில் தமிழுக்கு மாறினார். புஸ்தகம் வேண்டுமே? தாமும் தம்மிடம் படித்தவர்களுமாக உட்கார்ந்து உண்டாக்கினார்கள். கட்டர் என்பவரின் உடற்கூற்று நூல் 1852-லேயே வந்துவிட்டது. 'இரண வைத்தியம்' 1867-ல் வந்தது. கிரே எழுதிய பிரசித்தமான அங்காதிபாத நூல் 1872-ல் தமிழாயிற்று. 1875-ல் 'கெமிஸ்தம்' வந்தது. இந்தத் தலைப்பைப் பாருங்கள். கெமிஸ்ட்ரியைத் தமிழன் வாயில் புரளும்படியாக 'கெமிஸ்தம்' என்று வைத்துவிட்டுக் காரியத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள்! சுத்தத் தமிழ் வாதிகளுக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். எனக்கும் அந்தச் சொல் அழகாகப் படவில்லை. ஆனால் கிரீன் செய்த காரியத்தில் ஒரு விசேஷம் உண்டு. நாளைக் காலையில் கத்தியைக் கையில் பிடிக்கப் போகிற பையன் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். மொழிபெயர்ப்பில் அவனும் ஒரு கை. அவனுக்குப் புரியாத வாக்கியத்தை அச்சுக்கு அனுப்பினால் ஒரு நோயாளி போய்விடுவான். இதைவிடக் கடுமையான பத்திராசிரியர் உலகத்தில் எங்கே கிடைப்பார்?

நூறு வருஷம் கழித்து நாம் செய்தது பெரிய அளவில், நல்ல எண்ணத்தோடு செய்தது. 1968-ல் புகுமுக வகுப்பிலும், அடுத்த வருஷம் பட்ட வகுப்புகளிலும் விஞ்ஞானப் பாடங்களைத் தமிழில் கற்பிக்க ராஜாங்கம் ஏற்பாடு செய்தது. பிராந்திய பாஷைகளில் கல்லூரிப் புஸ்தகம் உண்டாக்க மத்திய சர்க்கார் ராஜ்யத்துக்கு ஒரு கோடி ரூபாய் என்று திட்டம் போட்டதும் அந்தச் சமயத்தில்தான். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் பேரில் பௌதிகம், ரசாயனம், சரித்திரம், பொருளாதாரம் என்று வரிசை வரிசையாகப் புஸ்தகங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் கல்வி மந்திரியின் அணிந்துரை இருக்கும். பழைய புஸ்தகக் கடைகளில் அவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை வாங்கியும் இருக்கிறேன். மட்டமென்று ஒதுக்கிவிட முடியாது. சரித்திரத்திலும் தத்துவத்திலும் சில மொழிபெயர்ப்புகள் இன்றும் படிக்கத் தகுந்தவை. ஆனால் விஞ்ஞானப் புஸ்தகங்களில் முக்கால்வாசி, வகுப்பில் பக்கத்தில் ஒரு வாத்தியார் நின்றுகொண்டிருப்பார் என்ற தைரியத்தில் எழுதப்பட்டவை. வாத்தியாரோ ஆங்கிலக் குறிப்பை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்தினார். ஆகவே புஸ்தகத்துக்குத் துணை வாத்தியாரும் இல்லை. வாத்தியாருக்குத் துணை புஸ்தகமும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1929-ல் ஏற்பட்ட அண்ணாமலைச் சர்வகலாசாலை, 1979-ல் தபால் வழிக் கல்வியையும் ஆரம்பித்தது. எட்டத்தில், எந்தக் குக்கிராமத்திலோ பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி பாடத்தைப் பிரிக்கிற ஒருவனுக்கு எழுதுவது எப்படி என்ற பிரச்னை சிதம்பரத்துக்குத் தெரியாததல்ல. அங்கே வாத்தியார் பக்கத்தில் இல்லை என்பது திட்டத்தின் முதல் விதி. காகிதத்தில் உள்ளதுதான் வாத்தியார். எஞ்ஜினீயரிங் வழிகாட்டி நூல் எழுதவைக்கிறவர்கள் முதலில் இந்த விதியை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சிமுலேஷன் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஞானம் குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த வரம்புறு கூறு முறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் கிளப் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அது 1960-ல். சீங்கீவிச் 1967-ல் எழுதிய புஸ்தகம்தான் இந்தத் துறையின் முதல் பெரிய பாட நூல். இருபது வருஷத்துக்குள், 1987-ல், சென்னை ஐ.ஐ.டி.யின் சி. எஸ். கிருஷ்ணமூர்த்தி, கொள்கையோடு புரோகிராம் எழுதும் வழியையும் சேர்த்து ஒரு நூல் எழுதிவிட்டார். கோயம்புத்தூர் எஸ். ராஜசேகரனும் எழுதியிருக்கிறார். இந்தியா பூராவும் பையன்கள் படிக்கிற புஸ்தகங்கள் அவை. எல்லாம் ஆங்கிலத்தில். அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. தமிழில் எழுதச் சொல்லி, எழுதினால் படிக்க ஆள் உண்டு என்று காட்டி, அவர்கள் வீட்டு வாசலில் யாராவது போய் நின்றார்களா என்பதுதான் கேள்வி. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிகல் இரண்டையும் தமிழில் சொல்லித்தர முன்வந்தது. 2021-க்குப் பிறகு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, ஆங்கிலத்தில் எழுதவைத்த பாட நூல்களை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடுகிறது. அதில் யந்திரத்தின் உதவியும் உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மூலத்தை எழுதுகிறவர் மனசில் தமிழ்ப் பையன் இல்லை. பெயர்க்கிற யந்திரத்துக்கு மனசே இல்லை. கடலூர்ப் பையன் எந்த இடத்தில் நுழைவான்?

சொல்லி எழுதவைப்பது என்றாலே கெட்டுப்போகும் என்பது என் கட்சியல்ல. சீமையில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். 1983-ல் ஸ்காட்லாந்தில், ஈஸ்ட் கில்பிரைடில் இருந்த தேசிய எஞ்ஜினீயரிங் ஆராய்ச்சிசாலையில், நாஃபெம்ஸ் என்ற அமைப்பு ஆரம்பமாயிற்று. சிமுலேஷனைத் தொழிலில் உபயோகிக்கிறவர்களின் சங்கம் என்று சொல்லலாம். இன்று உலகம் முழுவதும் அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். இவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, சில எளிய கணக்குகளைப் பொறுக்கி, அவற்றின் சரியான விடையை ஊரறியச் சொன்னது. நீள்வட்ட வடிவான ஒரு தகடு; வெளி விளிம்பில் இன்ன அளவு இழுவை; உள் விளிம்பில் குறித்த ஒரு புள்ளியில் தகைவு 92.7 மெகாபாஸ்கல் வர வேண்டும். உன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார். வராவிட்டால் உன் புரோகிராமையோ உன்னையோ திருத்திக்கொள். தராசுக்கு முத்திரை குத்துகிற மாதிரி!

பிறகு புஸ்தகங்கள். எந்தப் புஸ்தகம் தேவை என்று, தினமும் அந்த வேலையில் உழல்கிறவர்கள் கூடிய சிறு குழு ஒன்று தீர்மானிக்கிறது. இன்ன வாசகனுக்கு, இன்ன தெரிந்தவனுக்கு, இன்னது தெரிய வேண்டும் என்று எழுதி, யார் எழுத முன்வருகிறீர்கள் என்று பகிரங்கமாகக் கேட்கிறது. முன்வருகிறவர் தம் திட்டத்தைக் காட்டுகிறார். தேர்ந்தெடுத்த பிறகு அவர் எழுத எழுதக் குழு படித்து மல்லுக்கட்டுகிறது. தலைப்புகளைக் கேட்டாலே விஷயம் விளங்கும். 'வரம்புறு கூற்றுக் கணக்கை ஏன் போட வேண்டும்', 'எப்படித் தொடங்குவது', 'எப்படித் திட்டமிடுவது', 'விடையை எப்படிப் புரிந்துகொள்வது'. நம் ஊர் டிப்போக்காரன் பழைய டிரைவரிடம் கேட்கிற கேள்விகளைப் போல இருக்கின்றன. 'யாதெனில்' ஒன்றுகூட இல்லை.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாததால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1991-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி நார்வேயில் நிஜமாகவே முழுகிற்று. ஸ்லைப்னர் என்ற எண்ணெய் மேடைக்காகக் கட்டிய பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் அது. ஸ்டவாங்கருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கழியில் மெல்ல அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு சுவர் விண்டு, தண்ணீர் புகுந்து, அடியில் போய் மோதிச் சிதறிற்று. மோதிய அதிர்ச்சி ரிக்டர் அளவில் 3 என்று பூகம்ப மானிகளில் பதிவாயிற்று. நல்ல வேளை, ஆள் சேதம் இல்லை. நஷ்டம் ஏறக்குறைய 70 கோடி டாலர். காரணத்தைத் தேடிப் போனால், மூன்று சுவர்கள் கூடும் இடத்தில் துண்டுகளைச் சரியாக அமைக்காமல் கணக்குப் போட்டிருந்தார்கள். வெட்டு விசையை நூற்றுக்கு 47 குறைவாகக் காட்டியிருந்தது கம்ப்யூட்டர். விபத்துக்குப் பின் நிதானமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று சொல்லிற்று. உடைந்தது 65 மீட்டரில். கருவியில் குற்றமில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? முதலில் போட்டபோது வந்த வர்ணப்படமும், எங்கள் பையன் சொன்னாற்போல், அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சிதம்பரத்துக்கு வருகிறேன். பேராசிரியரின் அனுமதியோடு ஓர் அத்தியாயத்தை நானே திரும்ப எழுதினேன். துண்டு துண்டாகப் பிரிப்பதைப் பற்றிய அத்தியாயம். பட்டியலில் அதற்கு 'வலைப்பின்னல்' என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஏற்பாட்டுக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. பையன் குழம்பமாட்டானா? தேவனாம்பட்டினத்தில் வலை உலர்த்துகிறவர்களிடம் 'கண்ணி' என்ற சொல் இருக்கிறது. பெரிய கண்ணி என்றால் சின்ன மீன் தப்பிவிடும். கண்ணி சிறுக்கச் சிறுக்க எல்லாம் அகப்படும். ஆனால் வலை கனத்துப்போகும், இழுக்க ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் விஷயமும் அதுவேதான். இதைவிட நல்ல உபமானம் எங்கே கிடைக்கும்? எனக்கே என் மீது ஒரு பெருமிதம் உண்டாயிற்று. 'கண்ணியைச் சிறிதாக்க ஆக்க, உண்மைக்கு அருகே போகிறோம்' என்று அத்தியாயத்தை முடித்தேன்.

பேராசிரியர் படித்தார். நன்றாயிருக்கிறது என்றார். பிறகு கடைசி வாக்கியத்தின் மேல் விரலை வைத்தார். "இது தப்பு சார்."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அவர் விளக்கினார். 'ட' எழுத்தைப் போல மடங்கிய ஓர் இரும்புத் தாங்கி இருக்கிறது. உள்மூலை கத்தி மாதிரிக் கூர்மையாக இருப்பதாகப் படம் போட்டுவிட்டால், அந்த மூலையில் தகைவுக்கு எல்லையே கிடையாது. கணித சாஸ்திரப்படி அது முடிவிலி. கண்ணியைச் சிறிதாக்க ஆக்க விடை ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. உண்மையான இரும்பில் மூலை சற்று உருண்டிருக்கும். அல்லது இரும்பு அந்த இடத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஆகையால் அந்த மூலையில் வருகிற எண்ணை எழுதிக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டக்கூடாது. மூலையை உருட்டிப் போட வேண்டும். அல்லது வேறு வழி பார்க்க வேண்டும்.

உபமானத்தின் அழகில் மயங்கி ஒரு பொய்யை எழுதிவிட்டேன். இலக்கியாசிரியனைக் கூப்பிட்டு அறிவு நூலைச் செம்மைப்படுத்தச் சொல்வதில் உள்ள அபாயம் இது. வறட்டு வாக்கியம் பையனைத் தூங்கவைக்கும். என் வாக்கியம் அவனை நம்பவைத்துக் கெடுத்திருக்கும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், என்னுடையதுதான் மோசம் என்று சொல்லுவேன்.

ஊருக்குத் திரும்பியதும் பையனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் முகம் மாறிப்போயிற்று. போன மாதம்தான் ஒரு தாங்கிக்கு அவன் கணக்குப் போட்டிருந்தான். கண்ணியைச் சிறிதாக்கினால் விடை ஏறுகிறது. இன்னும் சிறிதாக்கினால் இன்னும் ஏறுகிறது. மேலதிகாரி, "எந்த அளவுல பச்சையா வருதோ அதோட நிறுத்து" என்று சொல்லிவிட்டாராம். அவனும் நிறுத்திவிட்டான். அந்தத் தாங்கி எங்கே போயிற்று, என்ன பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

"யாராவது எழுதி வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், மாமா" என்றான்.

மறுவாரம் மறுபடியும் சிதம்பரம் போனேன். பேராசிரியர் சொல்ல, நான் எழுத, அவர் திருத்த, நான் திரும்ப எழுத, உள்மூலையைப் பற்றி நாலு தாள் தயாராயிற்று. நாங்கள் இருவரும் பரம எதிரிகளைப் போலச் சண்டை போட்டோம். 'கண்ணி' இருந்தது, கூரைத் தகடு இருந்தது, பொய் இல்லை. கடைசியில் ஒரு பத்தி அவரே எழுதினார். கம்ப்யூட்டர் விடையைப் பார்க்குமுன், நீ ஏற்றிய பாரமும், தாங்குமிடங்களில் திரும்பி வரும் எதிர்விசையும் சமமாக இருக்கின்றனவா என்று கூட்டிப் பார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் கையால் ஒரு தோராயக் கணக்குப் போடு. இரண்டும் பத்து மடங்கு விலகியிருந்தால் படத்தை நம்பாதே. எவ்வளவு சாதாரணமான பத்தி! அவர் முப்பது வருஷம் வகுப்பில் சொன்னதாம், அதுவரை எழுதியதில்லையாம்.

காரியாலயத்திலிருந்து பதில் வந்தது. 'கண்ணி' என்றால் பறவை பிடிக்கிற பொறி என்ற பொருளும் இருப்பதால் அது தவிர்க்கப்பட வேண்டும். எஞ்ஜினீயரிங்குக்கே பொறியியல் என்று பெயர் வைத்துவிட்ட பிறகு பொறிக்குப் பயந்தால் ஆகுமா என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. சொற்களைப் பற்றி நான் பிடிவாதக்காரனும் அல்ல. இங்கே நாம் 'திரிபு' என்பதை இலங்கையில் 'விகாரம்' என்கிறார்கள். இரண்டும் புணர்ச்சி இலக்கணத்திலிருந்து வந்த சொற்கள். எழுத்து நெளிவதற்கு வைத்த பெயரை இரும்பு நெளிவதற்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். எதை வைத்தாலும் பழகிவிடும். 'வலைப்பின்னல்' என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கடிதத்தின் இரண்டாவது பத்தியில், உள்மூலை பற்றிய பகுதி பாடத்திட்டத்தில் இல்லாததாலும், பக்கங்கள் நூற்று அறுபதைத் தாண்டுவதாலும் நீக்கப்படுகிறது என்று இருந்தது. பேராசிரியர் ஒரு கடிதம் எழுதினார். நான் இரண்டு எழுதினேன். பயிற்சி வினாக்களில் பதினைந்தை எடுத்துவிட்டு நாலு தாளுக்கு இடம் பண்ணலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தோம். வினாக்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. உள்மூலை ஒப்பந்தத்தில் இல்லை.

புஸ்தகம் வெளிவந்தது. அட்டையில் வர்ணப்படம் போட்டிருக்கிறார்கள். நீலமும் பச்சையும் சிவப்புமாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே 'மொழிநடைச் செம்மை' என்று என் பெயரும் இருக்கிறது. சன்மானம் வந்துவிட்டது.

நாலு தாளும் என் மேஜை அறையில் கிடந்தன. பையன் கேட்டான், கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். போன மாதம் பழைய நகரத்திலிருந்து அவன் சிநேகிதன் ஒருவன் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். அவன் கையில் இருந்த பிரதி, பிரதிக்குப் பிரதி எடுத்து மங்கிப்போய், மூன்றாவது தாளில் படமே தெரியவில்லை. மூலத்திலிருந்து ஒரு நல்ல பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.